எண்ணெய்க்கு நிற்க இடம்

இல்லை, அந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். என் சின்ன மருமகள் யார் வீட்டுச் சோற்றிலும் மண் போடுகிறவள் இல்லை. "என் வீட்டுக்காரரை மாட்டிவிட்டுத்தான் அவ பேர் வாங்கப்போறா" என்று எதிர்வீட்டுக்காரி மாடிப்படியில் நின்று சொன்னது என் காதிலேயே விழுந்தது.

எதிர்வீட்டுக்காரியின் கணவர் கப்பல் எஞ்சினுக்கு எண்ணெய் பார்க்கிறவர். அந்த எஞ்சினில் ஒரு லைனர் உரசிக் கீறி விரிசல் விட்டுவிட்டது. லைனர் என்றால் பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டருக்கு உள்சட்டை. எண்ணெயைக் குறைத்துவிட்டார் என்று கம்பெனி அவரை வீட்டில் உட்காரவைத்தது. ஏன் கெட்டது என்று ஆராய்ந்து சொல்கிற வேலை என் மருமகளுக்கு. எதிரெதிர் வீடு வேறு. வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது.

பளபளப்பாக எதைக் கண்டாலும் அவள் நகத்தால் கீறிப் பார்ப்பாள். லிஃப்ட் கதவு, பல் டாக்டர் மேசை, எதுவும் தப்பாது. "ரொம்ப மின்னுது அத்தை, எனக்கு நம்பிக்கையில்ல" என்பாள். எதிர்வீட்டில் புது அலமாரி வாங்கியபோது பார்க்கப் போனவள் அதையும் கீறினாள். பாதிப் பகை அன்றைக்கே மூண்டுவிட்டது.

அந்த லைனரில் வெட்டியெடுத்த துண்டை மடியில் போட்டுக்கொண்டு பாடுவாள். ராகம் கேட்கக்கூடாது. கரிக்கையோடு சாப்பிட வந்து, "இது அழுக்கில்ல அத்தை, சாட்சி" என்பாள்.

"சாட்சியைக் கழுவிட்டு வாடி, சோறு ஆறுது."

எல்லோரும் கீறல் விழுந்த பக்கத்தையே பார்த்தார்கள். இவள் நன்றாக இருந்த பக்கத்தைத் தடவினாள். ஒருநாள் துள்ளி எழுந்தாள்.

"அத்தை, எண்ணெய் வந்திருக்கு! நிக்கத்தான் இடமில்ல!"

லைனர் சுவரில் மெல்லிய கோடுகள் இழுத்திருப்பார்களாம். எண்ணெய் தங்குவது அவற்றில்தான். இதிலோ கோடே இல்லை, முகம் பார்க்கலாம். எரிபொருளில் கந்தகம் இருந்தால் அமிலம் உண்டாகும். அதை அடக்க எண்ணெயில் மருந்து கலப்பார்கள். மேலே இருந்தவர்கள் கந்தகம் குறைந்த எரிபொருளுக்கு மாறினார்கள், எண்ணெயை மாற்ற மறந்தார்கள். வேலையில்லாத மருந்து பிஸ்டன் தலையில் சுண்ணாம்பாய்க் கெட்டிப்பட்டு, ஏறி இறங்கிக் கோடுகளைத் தேய்த்துவிட்டது.

"காய்ச்சல் போனப்புறமும் மருந்தை ஊத்தினாங்களா?"

"அதேதான் அத்தை!" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். கன்னமெல்லாம் சாட்சி.

அவளுடைய மேலதிகாரி போனில் குழைந்தார். "எண்ணெய் குறைவுன்னே எழுதிடும்மா. சுலபமா முடிஞ்சிடும்."

"முடியும் சார். அடுத்த லைனரும் சுலபமா போயிடும். மத்த சிலிண்டரையும் திறங்க."

திறந்தார்கள். பிஸ்டனுக்குப் பிஸ்டன் வெள்ளைக் காறை. எண்ணெய்க்காரரைக் கம்பெனியே திரும்பக் கூப்பிட்டது. எதிர்வீட்டுக்காரி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். ஊர் மட்டும் இன்னும் பழைய பாட்டையே பாடுகிறது.

புது லைனர் பொருத்துவதைப் பார்க்க என் மருமகள் கப்பலுக்குக் கிளம்பிய அன்று, எண்ணெய்க்காரரும் வேலைக்குக் கிளம்பி எங்கள் வாசலில் நின்றார். "நீங்க முன்னால போங்க மேடம்" என்று ஒதுங்கினார்.

"உங்க எஞ்சின் அண்ணா, நீங்க போங்க" என்றவள், அவர் கருவிப்பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் பின்னால் வாசலைத் தாண்டினாள்.