அப்பாவின் ஹீட்டரும் ஓமத் தண்ணீரும்

பட்... பட்... பட்...

சோளம் பொரிகிற சத்தம் இல்லை. எங்கள் அஸ்தினாபுரம் வீட்டு பாத்ரூமில் ஹீட்டர் ஓடுகிற சத்தம். போர் தண்ணீரின் உப்பு முழுக்க உள்ளே படிந்து, சுவிட்சைப் போட்டதும் வெடிக்க ஆரம்பிக்கும். கூடவே சூடான இரும்பு வாசனை வரும்...

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள். நான் அப்போதுதான் பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். குளித்த ஈரம் காய்வதற்குள் வியர்த்துவிடும் எங்கள் தெருவில், ஹீட்டர் இருந்த ஒரே வீடு எங்களுடையது.

எல்லாம் அக்கா கல்யாணத்தால் வந்தது. மாப்பிள்ளை குன்னூர்க்காரர். பெண் பார்க்க வந்த அன்று அவருடைய அம்மா, "பையனுக்கு சைனஸ் இருக்குங்க, பச்சைத் தண்ணி ஆகவே ஆகாது" என்றார்.

அப்பா யோசிக்கவே இல்லை. "அதுக்கென்னங்க, நம்ம வீட்ல ஹீட்டர் இருக்கே!"

அப்போது இல்லை. மறுநாள்தான் குரோம்பேட்டைக்குப் போய் வாங்கி வந்தார்.

கல்யாணம் வரை நன்றாகத்தான் ஓடியது. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வரப்போகிற நேரம் பார்த்துப் படுத்துவிட்டது. பம்மலில் ரிப்பேர் கடை வைத்திருந்த செல்வம் அண்ணன் வந்து கழற்றினார். உள்ளேயிருந்து சுண்ணாம்புக் கட்டி கட்டியாகக் கொட்டியது.

"எலிமென்ட் பூட்ச்சு சார். தெர்மோஸ்டாட்டும் டவுட்டா கீது. வாஷர், வால்வு அல்லாத்தையும் ஒரே தபா மாத்திடலாம்."

"அதெல்லாம் வேணாம்பா. எலிமென்ட் மட்டும் போடு. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

அதுதான் எங்கள் அப்பா. காய்ச்சல் வந்தால்கூட முதலில் அரை மாத்திரை போட்டுப் பார்ப்பவர். செலவை மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் அன்று இரண்டாவது காபி குடித்தார்.

மூன்றே நாளில் தெர்மோஸ்டாட் போனது. அதை மாற்றினதும் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் செல்வம் அண்ணனுக்கு விசிட் சார்ஜ், ஷேர் ஆட்டோ காசு, அம்மா கையால் டிபன். சொந்த வீடு வைத்திருக்கும் நண்பர்களே, அனுபவத்தில் சொல்கிறேன்... ரிப்பேர் செலவு என்பது பார்ட்ஸ் விலை இல்லை. மெக்கானிக் எத்தனை தடவை உங்கள் வீட்டுப் படி ஏறுகிறார் என்பதுதான்.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு நாள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"யாரு சார் இதுல கை வெச்சது? தப்பு தப்பா மாட்டிக்கீறான்."

"நீதான்பா. போன வாரம்."

ஒரு நொடிகூட அசரவில்லை. "அதான் சார் நானும் சொல்றேன். அன்னிக்கே புது வாஷர் கேட்டேன், நீதான் வேணாம்ன!"

தீபாவளிக்கு முந்தின நாள் மழையில் நனைந்துகொண்டு வந்தவர், கடைசியாக டார்ச் அடித்துப் பார்த்தார். "டேங்க்கே ஓட்டை சார். இனிமே இத்த ரிப்பேர் பண்றது வேஸ்ட்டு. புச்சா வாங்கிடு."

அப்பா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளைக்கு மோதிரமும் துணிமணியும் வாங்கியதில் போனஸ் மொத்தமும் போயிருந்தது. சம்பந்தியிடம் அவ்வளவு ஜம்பமாகச் சொன்ன வார்த்தை... எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பிறகு எழுந்து வந்து மெதுவாகக் கேட்டார். "செல்வம்... ஹீட்டர் மேல இருக்கே, அந்தச் சிவப்பு லைட்டாவது எரியிற மாதிரி பண்ண முடியுமா?"

முடிந்தது. அதற்கும் தனியாகக் காசு வாங்கிக்கொண்டார். அந்த ஹீட்டரில் நின்று நிலைத்த ஒரே ரிப்பேர் அதுதான்!

விடிவதற்கு முன்னால் அம்மா கேஸ் அடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றினாள். நானும் அவளும் வெந்நீரைச் சுமந்து போய் பக்கெட்டை நிரப்பினோம். லைட் ஜோராக எரிந்தது. தலையில் எண்ணெய் சொட்டச் சொட்ட மாப்பிள்ளை உள்ளே போனார். அப்பா கதவருகில் நின்று சத்தமாகச் சொன்னார்.

"ஹீட்டர்லேர்ந்து புடிச்சே வெச்சுட்டேன் மாப்பிள்ளை! நீங்க குழாயைத் தொறக்க வேணாம்!"

அப்போதுதான் அம்மா என் கையைக் கிள்ளினாள். முந்தின நாள் லேகியத்துக்கு ஓமம் கொதிக்க வைத்த அண்டா அது. அவசரத்தில் கழுவவே இல்லை.

உள்ளே சொம்பால் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்தது.

"மாமா... தண்ணியில ஓம வாசனை வருதே?"

அப்பா சட்டென்று சமாளித்தார். "ஆமா மாப்பிள்ளை. அது... எங்க வீட்டு வழக்கம். தலை தீபாவளின்னா ஓமத் தண்ணிதான்."

அம்மா அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே... முப்பது வருடக் குடித்தனத்தில் அப்படி ஒரு வழக்கத்தை அன்றுதான் கேள்விப்படுகிறாள்.

"மூக்கடைப்பே போயிடுச்சு மாமா" என்றார் அவர்.

அவ்வளவுதான். அடுத்த வருடத்திலிருந்து அப்பாவே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். "ஓமம் போட்டியா? நம்ம வழக்கத்தை விடக்கூடாது" என்று அம்மாவை விரட்டுவார்.

இப்போது அக்கா குடும்பம் பெருங்களத்தூரில் ஃபிளாட்டில் இருக்கிறது. பாத்ரூமுக்கு பாத்ரூம் ஹீட்டர். ஆப்பில் தட்டினால் டீ-ஷர்ட் போட்ட பையன் வருகிறான். ரேட்டை போனில் காட்டுகிறான். பேரமும் இல்லை, டிபனும் இல்லை. யார் மாட்டியது என்று சண்டைகூட இல்லை. அப்பாவும் இல்லை...

போன தீபாவளிக்கு நான் அங்கேதான் இருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் ஹீட்டர் போய்விட்டது. வந்த பையன் பார்த்துவிட்டு, "டேங்க் லீக் சார். ரிப்பேர் பண்றது வேஸ்ட்டு" என்றான்.

அத்தான் ஹாலில் மாட்டியிருந்த அப்பா போட்டோவை ஒரு தடவை பார்த்தார். பிறகு அந்தப் பையனிடம் ரொம்ப சீரியஸாகக் கேட்டார்.

"சிவப்பு லைட் மட்டும் எரியிற மாதிரி பண்ண முடியுமாப்பா?"

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தனக்கு எல்லாம் தெரியும் என்று இருபது வருடமாக இந்த மனுஷன் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கிச்சனுக்குப் போய், அண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டு, ஓமம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டார்.