வெயிலில் வைத்த கல்

அந்தக் கல்லைக் கெடுத்தவன் நான். பழியைச் சுமந்தவள் செல்வி. ஏழு ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்…

கோபாலபுரத்தில் என் நண்பன் வெங்கடேசனுக்குப் படிகங்கள் என்றால் உயிர். அதிலும் லித்தியம் பாறைகளில் அபூர்வமாக விளையும் பாஸ்பேட் படிகங்கள். விவியனைட் என்ற ஒன்று வடக்கே ஏதோ மைக்காச் சுரங்கத்திலிருந்து வந்திருந்தது. விரல் நீளம், தண்ணீர்போல் தெளிவு. வெளிச்சம் பட்டால் கறுக்கும், கறுத்தால் மீளாது. கறுப்புத் துணி சுற்றித் தகர டப்பாவில் வைத்திருப்பான். சரஸ்வதி பூஜையன்று மட்டும், ஜன்னல்களை அடைத்துவிட்டு, பத்து எண்ணும்வரை காட்டுவான்.

பத்து எனக்குப் போதவில்லை. பேராசை என்கிறீர்களா? ஆமாம்.

அவன் குடும்பத்தோடு காசிக்குப் போனபோது வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. கல்லை ஜன்னலோர வெயிலில் வைத்துப் படம் வரைந்தேன். முதல் நாளே அதில் பச்சை கண்டது. நிறுத்தினேனா? மூன்று பகல் வரைந்தேன்! என்னைப் பார்த்துக்கொண்டே அது இருண்டது. அவர்கள் திரும்புமுன் பழையபடி துணி சுற்றி டப்பாவில் வைத்துவிட்டேன்.

பூஜையன்று துணியை விலக்கிய வெங்கடேசன் எண்ணவே இல்லை. வீடு பெருக்கும் செல்வியைக் கூப்பிட்டான்.

"ஆத்துல தூசி தட்டறவ நீ ஒருத்திதான். வெயில்ல வெச்சுட்டு மூடிட்டே, இல்லையா?"

"நான் தொடவே இல்ல சார். யாரு தொட்டாங்கன்னு கல்லுக்குத் தெரியும். அது பாத்துக்கினுதான் கீது."

என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? சுண்டல்தான் இருந்தது. மென்றுகொண்டு நின்றேன். அவளுக்கு வேலை போயிற்று. அந்தத் தெருவில் வேறு வீடுகளும் கதவை மூடின.

"நீயே வெச்சுக்கோடா, பாக்கவே சகிக்கல" என்று வெங்கடேசன் கல்லை என்னிடமே கொடுத்துவிட்டான்.

மந்தைவெளியில் என் பீரோவுக்குள் அது இருக்கிறது. துணி, டப்பா, பூட்டு… ஒளி நுழைய வழியில்லை. ஆனாலும் ஒவ்வொரு பூஜைக்கும் திறக்கும்போது இன்னும் கொஞ்சம் கறுத்திருக்கிறது. தொடங்கிய மாற்றம் இருட்டிலும் தொடரலாம் என்று வேதியியல் சொல்லும். நான் வேதியியல் படித்தவன்தான். இருந்தும் பயமாக இருக்கிறது.

சென்ற மாதம் காய்கறிக் கடையில் செல்வி எதிரே வந்தாள்.

"அந்தக் கல்லு இன்னும் கீதா சார்?"

"தொலைஞ்சுபோச்சும்மா."

"அது தொலையாது சார்" என்று சொல்லிவிட்டுக் கீரைக்கட்டோடு நடந்தாள்.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தேன். இனிக் கறுக்க அதில் இடமில்லை. என் முகம் மட்டும் அதில் தெளிவாகத் தெரிந்தது. பத்துவரை எண்ணி மூடினேன்.

அவள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் என்று கடைக்காரர் சொன்னார். இன்னும் போகவில்லை…