வண்டியில் இருந்தது யார்?

நாவலைத் தொடங்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நான் பெருமையாகவே சொல்வேன். பதினேழு வயதுக்குள் எத்தனையோ கதாநாயகிகளை வீட்டை விட்டு ஓட வைத்திருக்கிறேன். ஒருத்தியைக் கப்பலேற்றினேன். ஒரு ஜமீன்தாரை மாடிப்படியிலிருந்து உருட்டிவிட்டேன். அவர் தரையைத் தொடுவதற்குள் எனக்கு அடுத்த நாவல் தோன்றிவிட்டது. புதுக்கதை தோன்றினால் எனக்குக் காய்ச்சல் மாதிரி உடம்பு சுடும், சாப்பாடு இறங்காது, யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. ஜமீன்தார் பாதிப் படியில் அப்படியே கிடப்பார்.

நான் எழுதுவதைப் படிக்கிற ஒரே ஆள் என் அக்கா. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். "ஒண்ணு அந்த ஆளைக் கீழ விழ வை, இல்ல எழுப்பி உக்கார வை. எத்தனை மாசமாடி பாவம் உருண்டுகிட்டே இருப்பாரு?" என்று திட்டுவாள். அவளுக்கு முடிவு வேண்டும். எனக்கு ஆரம்பம் போதும்.

அது ஜப்பான்காரன் காலம். மலாக்காவில், காஜா பேராங்கில் குடியிருந்தோம். சண்டைக்கு முன்பு ஊரிலிருந்து கப்பல் வரும், கப்பலில் வாரப் பத்திரிகை வரும், பத்திரிகையில் தொடர்கதை வரும். அப்பா கணக்கெழுதிய துணிக்கடையில் முதலாளி படித்து முடித்த பிறகு எங்கள் வீட்டுக்கு அது வந்து சேரும். கடைசியாக வந்த இதழில், கல்யாணத்துக்கு முந்தின விடியலில் வீட்டை விட்டு ஓடிவந்த பெண் ஓர் ஆற்றுப் பாலத்தில் நிற்கிறாள். கீழே வெள்ளம். பின்னால் ஒரு கூண்டு மாட்டுவண்டி வருகிறது. வண்டிக்குத் திரை போட்டிருக்கிறது. உள்ளே யார் என்று தெரியவில்லை. தொடரும் என்று போட்டு முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கப்பலே வரவில்லை.

அரிசி இல்லாததைவிட அந்த வண்டியில் யார் என்று தெரியாததுதான் எங்களுக்குப் பெரிய கவலை என்று சொன்னால் அது பொய். அரிசிதான் பெரிய கவலை. ஆனால் அரிசியைப் பற்றிப் பேசினால் அழுகை வந்தது, வண்டியைப் பற்றிப் பேசினால் சண்டை வந்தது. சண்டை எவ்வளவோ தேவலை.

அந்தச் சண்டை நடக்கிற இடம் பக்கத்து வீட்டுப் பின்கட்டு. அது மலாக்காச் செட்டிகள் வீடு, எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழ்வழிக்காரர்கள். அந்த வீட்டு அம்மாளை நாங்கள் மலாயில் மக்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிடுவோம். எங்கள் மாரியம்மன்தான் அவருக்கும் மாரியம்மன், ஆனால் பேச்செல்லாம் மலாய். மத்தியானமானால் அக்கம்பக்கத்துப் பெண்கள் அங்கே கூடி மரவள்ளிக் கிழங்கு துருவுவோம். மண்ணெண்ணெய் டின் தகரத்தில் ஆணியால் ஓட்டை போட்டதுதான் துருவி. விரலும் சேர்ந்து துருவிக்கொள்ளும். அக்கா பழைய இதழைத் தமிழில் படிப்பாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி மக்சிக்குக்கு மலாயில் சொல்வேன். கடைசி வரி வந்ததும் அவர் துருவியைக் கீழே போட்டுவிட்டு, "சியாப்பா டாலாம் கெரெத்தா?" என்பார். வண்டிக்குள்ளே யார்? ஒவ்வொரு தடவையும் கேட்பார், எனக்கென்னவோ தெரிந்த மாதிரி.

இப்படி இருக்கும்போதுதான் அக்காவுக்குக் கல்யாணம் என்றார்கள். அப்போது வயசுப்பெண் இருக்கிற வீட்டில் பெற்றவர்களுக்குத் தூக்கம் கிடையாது. சிப்பாய்கள் கண்ணில் படுவதற்குள் ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று ஊரே பறந்தது. மாப்பிள்ளை ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆஸ்பத்திரி டிரெஸர், புண்ணுக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிறவர். டயருக்குப் பதிலாக ரப்பர் குழாய் சுற்றிய சைக்கிளில் கடகடவென்று வந்தார், கிழங்கு தின்றார், பெண்ணைப் பார்த்தார், போனார். மறுவாரம் நாள் குறித்தாகிவிட்டது. பஸ் கரியில் ஓடிய காலம், மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். எனக்கு ஜாசின் என்றால் வேறு தேசம்.

அக்கா அழவில்லை. என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். "வண்டியில யாருன்னு தெரியாம நான் போகமாட்டேன். நீ எழுது. ஆனா இந்த வாட்டி முடிக்கணும், சொல்லிட்டேன்."

எழுதுவதா! எனக்குத் தலைகால் புரியவில்லை. துணிக்கடையில் பழைய துணிக்கட்டுகளுக்குள் இருந்த தாள்களை அப்பா கொண்டுவந்து கொடுத்தார். காலையில் நான் எழுதுவேன், மத்தியானம் அக்கா படிப்பாள். முதல் நாள் பாலத்தில் மழை பெய்ய வைத்தேன், பெண்கள் "அய்யய்யோ" என்றார்கள். அந்த "அய்யய்யோ"வுக்காக நான் பட்டினி கிடக்கத் தயாராக இருந்தேன். எப்படியும் பட்டினிதான், அது வேறு விஷயம். மறுநாள் திரைக்கு வெளியே ஒரு கால் தெரிந்தது. செருப்புப் போட்ட கால். அந்தப் பெண்ணின் அப்பாவாக இருக்கும் என்றது ஒரு கூட்டம், மாப்பிள்ளைதான் என்றது இன்னொன்று. அவளோடு படித்த டாக்டர் பையன்தான் என்று எதிர்வீட்டுப் பெண் சத்தியம் செய்தாள். மக்சிக் கிழங்கை ஓங்கிக்கொண்டு அவளை அடிக்கப் போனார்.

நானும் மூன்று பேரையும் எழுதிப் பார்த்தேன். அப்பாவை இறக்கினால் கை நின்றுவிடுகிறது. மாப்பிள்ளையை இறக்கினாலும் நின்றுவிடுகிறது. டாக்டர் நல்லவர், படித்தவர், மீசைகூட வைத்துக் கொடுத்தேன், அவரும் ஒரு காலை வெளியே வைத்தபடி நின்றுவிட்டார். வேறு வழியில்லாமல் வண்டிச்சக்கரத்தை உடைத்தேன், மூடுபனியைக் கொண்டுவந்தேன், ஒரு மாட்டை நொண்ட வைத்தேன். அந்த ஆற்றில் வெள்ளம் வடியவே வடியாதா என்று மக்சிக் கேட்டுவிட்டார். அவமானமாக இருந்தது. அதைவிட மோசம், இதற்குள் எனக்கு ஒரு கலங்கரை விளக்கத்தைப் பற்றிப் புது நாவல் தோன்ற ஆரம்பித்திருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கூட்டம் இன்னும் அதிகம். விருந்துக்கே மரவள்ளிதான், அம்மாவும் எங்களோடு துருவ உட்கார்ந்துவிட்டாள். நான் விடியலிலிருந்து எழுதியும் வண்டியின் திரையில் ஒரு கை படுகிற இடத்தோடு நின்றுவிட்டது. கடைசித் தாள் வெறுந்தாள். அந்த இடம் வந்ததும் அக்கா நிறுத்துவாள், எல்லாரும் என்னைத் திட்டுவார்கள், அத்தோடு போகும் என்று நினைத்துத் தாள்கட்டை அப்படியே அவளிடம் கொடுத்தேன்.

அக்கா நிதானமாகப் படித்துக்கொண்டு வந்தாள். கை திரையில் பட்டது. அவள் தாளைத் திருப்பினாள். ஒன்றுமில்லாத தாளை ஒரு கணம் பார்த்தாள், ஓரக்கண்ணால் என்னையும் பார்த்தாள். என் உயிர் போய்விட்டது. அக்கா நிறுத்தவில்லை.

"அவளே போய்த் திரையை விலக்கினாள்," என்று படித்தாள். நான் வாயைப் பிளந்துகொண்டே மலாயில் சொன்னேன். "உள்ளே யாரும் இல்லை."

"கோசோங்?" என்று மக்சிக் கத்தினார். காலியா?

"வெள்ளத்துக்குப் பயந்த மாடுகள் வண்டிக்காரனைத் தொலைத்துவிட்டுத் தாமாகவே மேட்டைத் தேடி வந்திருந்தன. அவள் வண்டியில் ஏறினாள். கயிற்றைக் கையில் எடுத்தாள். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவளுக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை. அவள் அக்கரையைப் பார்த்தாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. வண்டியை ஓட்டினாள்."

அடுத்து என்ன வரும் என்று எனக்கும் தெரியாது. அவள் வாயைப் பார்த்துப் பார்த்து மொழிபெயர்த்தேன், மூச்சு வாங்கியது. என் வாழ்க்கையில் அவ்வளவு பரபரப்பாக ஒரு கதையை நான் கேட்டதில்லை. மக்சிக் தொடையில் தட்டிக்கொண்டு "பாகுஸ்! பாகுஸ்!" என்றார், பிரமாதம் என்று. எதிர்வீட்டுப் பெண் டாக்டரை மறந்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். ஒரு கிழங்கு துருவுகிற நேரத்தில் அக்கா முடித்துவிட்டாளே என்று எனக்குப் பொறாமை பொங்கியது. அந்தப் பொறாமைக்கு நடுவிலேதான் ஒன்று புரிந்தது. வண்டியிலிருந்து எவன் இறங்கினாலும் அவன் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். அதனால்தான் நான் யாரையும் இறங்கவிடவில்லை. எனக்கு அக்கா போகக் கூடாது, அவ்வளவுதான்.

சத்தம் அடங்கியபோது அம்மா மட்டும் துருவாமல் உட்கார்ந்திருந்தாள். கையெல்லாம் கிழங்குப் பால். அக்காவின் மடியில் கிடந்த தாளை எட்டிப் பார்த்தாள். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தெரியும், ஆனால் வெறுந்தாளை அடையாளம் காண அது போதும்.

"ஏண்டி, உனக்கு இந்த மாப்புளய புடிச்சிருக்கா?" என்று கேட்டாள். அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. நாளை விடிந்தால் கல்யாணம்.

அக்கா தாள்களை அடுக்கி என்னிடம் கொடுத்தாள். "புடிச்சிருக்கும்மா," என்றாள். "முதல்லயே கேட்டிருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பேன். ஆனா நாளைக்கு வர்றவங்ககிட்ட, அவரு என்னைக் கூட்டிட்டுப் போறாருன்னு சொல்லாதீங்க. நான் போறேன்னு சொல்லுங்க."

அம்மா தலையாட்டினாள். மக்சிக் என் முழங்காலைத் தட்டி, அக்கா என்ன சொன்னாள் என்று மலாயில் கேட்டார். யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை, அவளே போகிறாளாம் என்று வரி பிசகாமல் சொன்னேன்.