மூன்றாவது கயிறு

பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம். இது பட்டப்பகலில் நடந்தது. ஊரே கூடி நின்ற மைதானத்தில் நடந்தது. கதை கட்ட எனக்கு நேரமும் இல்லை, திறமையும் இல்லை. நான் லிஃப்ட் மெக்கானிக். கயிறும் எடையும்தான் என் பிழைப்பு. அதனால்தான் இன்றுவரை இதை ஜீரணிக்க முடியவில்லை.

அன்று சாகசப் பயிற்சிக்கு மாணவர்களைச் சேர்க்கும் நாள். பாறை ஏறுவது, கயிற்றில் ஆறு கடப்பது, காட்டில் கூடாரம் போட்டுத் தங்குவது... பள்ளி விடுமுறை முழுக்க மலையில் இருக்க வேண்டும். என் மகள் சேரப் போகிறாள்.

எனக்கு இஷ்டமில்லை.

இரண்டு வருஷம் முன்னால் இதே பயிற்சியில் பெரியவனைச் சேர்த்தேன். அவன் மலைக்குப் போகவே இல்லை. பஸ் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். பஸ் கிளம்பிய அன்று அவன் ஐ.சி.யூ.வில் இருந்தான். பஸ் திரும்பி வந்தபோது அவன் இல்லை.

மிச்சம் இருப்பது இவள் ஒருத்திதான்.

"அண்ணன் போகலல்லப்பா... நான் போயிட்டு வர்றேன்" என்றாள். என் மனைவி, "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என்னிடம் ஒரு நப்பாசை இருந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. சேர வரும் பிள்ளை பயிற்சிச் சுவரில் ஒரு தடவை ஏறிக் காட்ட வேண்டும். கீழே நின்று கயிறு பிடிப்பது பெற்றவர். பிள்ளையின் உயிர் கையில் இருக்கும்போதுதான் பெற்றவருக்கும் இது விளையாட்டில்லை என்று புரியும் என்பார்கள். மூன்று மாடி உயரச் சுவர். பாதி ஏறியதும் இவள் பயந்து அழுவாள், கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்பதுதான் என் கணக்கு.

மைதானத்தில் ஒரே கூச்சல். முதல் கயிற்றில் ஓர் அம்மா, மேலே தொங்கிய மகனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"டேய், வலது கால வைடா! அங்க போயாவது அம்மா சொல்றதைக் கேளு!"

"இங்கயும் விட மாட்டியாம்மா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பயிற்சியாளருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பல்லி மாஸ்டர். சுவரோடு அப்படி ஒட்டிக்கொள்வார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. பெரியவனை மறக்கவில்லை.

"வாங்க சார். அங்க கூட்டமா இருக்கு. ஓரத்துல மூணாவது கயிறு சும்மாதான் தொங்குது. அதுல ஏறட்டும்."

கயிறு எப்படிப் போகும் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நுனி என் மகளின் இடுப்பில். அங்கிருந்து மேலே போய், உச்சியில் மாட்டிய இரும்பு வளையத்துக்குள் நுழைந்து, கீழே என்னிடம் வரும். அவள் ஏற ஏறத் தளரும் கயிற்றை நான் இழுத்துக்கொள்ள வேண்டும். அவள் விழுந்தால் என் இடுப்புக் கொக்கி பிடித்துக்கொள்ளும்.

மாஸ்டர் இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து, காலை மடக்கித் தொங்கிப் பார்த்தார். தாங்கியது. முடிச்சுப் போட்டார். எனக்குத் தோல் கையுறை கொடுத்தார்.

"முடிச்சு?" என்று கேட்டார் மாஸ்டர்.

"சரி."

"கொக்கிப் பூட்டு?"

"சரி."

"ஏறட்டுமாப்பா?"

"ஏறு பாப்பா."

ஏறினாள். பக்கத்துக் கயிற்றில் ஒரு பையன் பாதியில் நின்று அழ ஆரம்பித்தான். மாஸ்டர் அங்கே ஓடினார்.

நான் தனியாக நின்றேன்.

முதலில் பெரிதாகத் தெரியவில்லை. கயிறு தளரும், இழுக்கலாம் என்று காத்திருந்தேன். இழுக்க வேண்டியே இருக்கவில்லை. கயிறு தானாக இறங்கி வந்து என் காலடியில் விழுந்துகொண்டிருந்தது. யாரோ மேலே நின்று அவள் பக்கத்தைச் சுருட்டி, என் பக்கம் தள்ளிவிடுவது போல...

"அப்பா, இவ்வளவு டைட்டா இழுக்காதீங்க!"

"நான் இழுக்கல பாப்பா."

அவள் குனிந்து என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள்.

"மேல யாருப்பா?"

அண்ணாந்து பார்த்தேன். சுவரின் விளிம்பு. அதற்கு மேல் மங்கலான வானம்.

"யாருமில்லம்மா."

"பேசுறாங்கப்பா..."

"இறங்கிடு. போதும், இறங்கிடு!"

அவள் இறங்கவில்லை. ஏறினாள். நிதானமாக. யாரோ எந்தக் கல்லைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது போல.

விளிம்புக்கு ஒரு கை தூரம்.

சரக்!

கால் வழுக்கியது. கை விட்டது. விழுந்தாள்.

நான் கயிற்றை இறுக்கினேன். கண்ணை மூடிக்கொண்டேன். எடை வந்து என் இடுப்பைத் தூக்க வேண்டும்.

வரவில்லை.

கண்ணைத் திறந்தேன். அவள் அந்தரத்தில் தொங்கினாள். ஆடாமல். அசையாமல்.

என் கையில் இருந்த கயிறு... துணி காயப்போட்ட கொடி மாதிரித் தொய்ந்து கிடந்தது.

அவளை நான் தாங்கவில்லை.

பிறகு கயிறு நகர்ந்தது. என் கையுறைக்குள்ளிருந்து மேலே... கொஞ்சம் கொஞ்சமாக... நான் விட்டுக்கொடுத்தேன். அவள் இறங்கினாள். தூங்கும் குழந்தையைக் கட்டிலில் கிடத்துவார்களே, அப்படி.

தரையில் கால் பட்டது.

அவள் முகம் முழுக்கக் கண்ணீர். ஆனால் சிரித்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக.

"'ஏய் வாத்து, கீழ பாக்காத'ன்னான்ப்பா."

அவளை வாத்து என்று கூப்பிட்ட ஆள் ஒருத்தன்தான். அவன் போன பிறகு அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

நேராகப் பெயர் பதியும் மேஜைக்குப் போய்ச் சம்மதக் கையெழுத்துப் போட்டேன். அந்தச் சிரிப்புக்காகப் போட்டேன்.

சாயங்காலம், விளக்குப் போடும் நேரம், மாஸ்டர் போன் செய்தார். குரல் சரியில்லை.

"சார்... உங்க உள்ளங்கையில காயம் ஏதாவது இருக்கா?"

"இல்லையே. கையுறை போட்டிருந்தேனே. ஏன்?"



"கயிறெல்லாம் இறக்கலாம்னு மேல போனேன் சார். மூணாவது கயித்துக்கு வளையமே இல்ல. தேஞ்சு போச்சுன்னு நேத்தே என் அசிஸ்டென்ட் கழட்டி எடுத்துட்டானாம். கயித்தை இறக்க மறந்துட்டான். அது சுவர் உச்சியில இருக்கிற பலகை மேல சும்மா கிடந்திருக்கு சார். எதுலயும் மாட்டல. ஒரு குழந்தை இழுத்தாக்கூட கையோட வந்துடும்."

"நீங்க தொங்கிப் பார்த்தீங்களே மாஸ்டர்?"

"தொங்கினேன் சார். தாங்குச்சு சார்..." அவர் அழுதார். "சுவருக்குப் பின்னாடி மேல போற படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. சாவி என் இடுப்புல. யாரும் போயிருக்க முடியாது. ஆனா அந்தக் கயித்துல, பலகை மேல கிடந்த இடத்துல, ரத்தம் சார். கையுறை இல்லாம பிடிச்சா உள்ளங்கை தோல் அப்படியே உரிஞ்சிடும். அந்த மாதிரி... ரெண்டு கை அச்சு."



"பாப்பாவை அனுப்பலைன்னாலும் பரவாயில்ல சார்" என்று கடைசியாகச் சொன்னார். அனுப்பினேன். அடுத்த வாரம் பஸ் கிளம்பியது. அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் பையைக்கூட வைக்காமல், இடம் விட்டுப் போனாள்.

அவளை வழியனுப்பிவிட்டு வீடு திரும்பிய பிறகுதான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு, வளையம், ரத்தம்... எல்லாம். அவள் அழவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். தீக்காயத்துக்குப் போடும் களிம்பை எடுத்து வந்தாள். மூடியைத் திறந்தாள். விரலில் பிதுக்கினாள்.

எங்கே தடவுவது என்று தெரியாமல் நடு வீட்டில் நின்றாள்.