நஷ்டமே இல்லாத பீடர்

பஜார் பீடரின் நஷ்டம் திடீரென்று ஏறி, இறங்காமலே நின்ற வருஷம் அது. சப்ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் புறப்படும் மின்பாதைதான் பீடர். அங்கே புறப்பட்ட யூனிட்டுக்கும், வீடு வீடாய்க் கடை கடையாய்ப் பில் போட்ட யூனிட்டுக்கும் நடுவில் காணாமல் போவது நஷ்டம். ஆம்பூரில் எங்கள் பிரிவுக்கு அதைக் கணக்கிட்டு மேலே அனுப்புகிற பொறியாளர் நான். எண்ணைப் போட்டது என் கை. அது போய் விழுந்தது எங்கள் லைன் இன்ஸ்பெக்டரின் தலையில். கம்பியில் கொக்கி மாட்டி மின்சாரம் திருட விட்டு, லஞ்சத்துக்குக் கை நீட்டுகிறார் என்று மேலே முடிவே கட்டிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் விளக்கம் வராவிட்டால் சஸ்பெண்ட் என்றது காலையில் வந்த போன்.

அவரும் நானும் தெருத் தெருவாக அண்ணாந்தபடி நடந்தோம். கம்பி, கம்பி, அதன்மேல் காக்கை, மறுபடி கம்பி. கொக்கி ஒன்றுமில்லை. கழுத்து கழன்றுவிடும் போலிருந்தது. பிரியாணிக் கடைக்காரர் அண்டாவை மூடிக்கொண்டே அவரைக் கேட்டார்: "இன்னா சார், பட்டப்பகல்ல வானத்துல பிறை தேட்றீங்களா?"

டீக்கடையில் உட்கார்ந்து, போனில் இருந்த எண்களை வேறு வழியில்லாமல் மறுபடி பார்த்தேன். பஜார் பீடரை அல்ல. பக்கத்தில் தோல் பதனிடும் டேனரிகளுக்குப் போகிற டேனரி பீடரை. நல்ல எண்ணை யாரும் நின்று பார்ப்பதில்லை, நானும் பார்த்ததில்லை. அதில் நஷ்டமே இல்லை. எந்தக் கம்பியும் ஓடும் மின்சாரத்தில் கொஞ்சத்தைச் சூடாக இழந்தே தீரும். இழக்காத கம்பி பூமியில் கிடையாது. அப்படியானால் அங்கே பில் போடும் யூனிட்டில் ஒரு பங்கு வேறு பீடரிலிருந்து போகிறது.

சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பெருமழையில் டேனரி பீடரில் கம்பம் சாய்ந்த அன்று, ஒரு டேனரி மேஸ்திரி ஓடிவந்து கெஞ்சியிருக்கிறார். டிரம்முக்குள் தோல், சுற்றாமல் நின்றால் திட்டுத் திட்டாகிவிடும். இவர் யாரையும் கேட்காமல் சுவிட்சை மாற்றி, அந்தப் பக்கத்து டேனரிகளைப் பஜார் பீடரோடு சேர்த்துவிட்டார். கம்பம் நட்டார்கள். சுவிட்சைத் திருப்பினார்களா? கரண்டு இருக்கும் இடத்திலிருந்து புகார் வராது. புகார் வராததை எங்கள் ஆட்கள் நினைவில் வைப்பதில்லை. திருப்பியிருந்தால் கொக்கி எங்கோ இருக்கிறது, அவர் தொலைந்தார்.

சந்தேகமில்லாமல் தெரிய, பஜார் பீடரை நிறுத்திப் பார்ப்பதே வழி. டிரம் நின்றால் இன்னும் திருப்பவில்லை. அந்த டேனரிக்கே போனோம். சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த நெடி கண்ணைக் கரித்தது. வீடு பெரிய மரடிரம் தடதடவென்று உருண்டுகொண்டிருந்தது. மேஸ்திரி குறுக்கே வந்து நின்றார்.

"உள்ள தோலு கீது மேடம். ரெண்டு நிமிஷம், அதுக்கு மேல ஒத்துக்க மாட்டேன்."

சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, நிறுத்தச் சொன்னேன். டிரம் உருண்டது. இன்னும் உருண்டது. இன்ஸ்பெக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பஜார் பக்கம் கடை விளக்குகள் அணைவது வாசல் வழியே தெரிந்தது. டிரம் மட்டும் போன வேகத்தில் ஒரு சுற்று, அரைச் சுற்று... முனகியது. நின்றது. உள்ளே தண்ணீர் ஒரு தரம் அலம்பி அடங்கியது.

சுவிட்சை யாரும் திருப்பவில்லை. கொக்கி இல்லை, கை நீட்டல் இல்லை. ஆனால் விளக்கத்தில் அனுமதியில்லாமல் சுவிட்ச் மாற்றியதையும், திருப்ப மறந்ததையும் எழுதாமல் முடியாது. அதற்கு மெமோ நிச்சயம், இன்கிரிமெண்டும் போகலாம் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்.

"போடுங்க மேடம். மறந்துட்டான்னு போடுங்க. திருடன்னு மட்டும் வேணாம். எம் பொண்ணு அந்த பஜார்லதான் டியூசன் எடுக்குது."

"உங்க பஞ்சாயத்த அப்பால வச்சிக்கங்க," என்றார் மேஸ்திரி. "மொதல்ல இத சுத்த வுடுங்க."

லைனைத் திரும்பக் கொடுக்கச் சொன்னேன். டிரம் ஒருமுறை உறுமிப் புரண்டது. அந்தச் சத்தத்துக்குள்ளேயே நின்றபடி, போனில் விளக்கத்தைத் தட்டத் தொடங்கினேன். முதல் வரியில் இன்ஸ்பெக்டருடைய மறதியை எழுதினேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார்.