இருபத்தொன்றில் எட்டு பாக்கி

ஆங்கிலத்தில் எண்களை வைத்துச் சொல்லும் வழக்குகள் நிறைய இருக்கின்றன. எண்ணுவதற்குச் சோம்பல்பட்டவர்கள் உண்டாக்கியவை அவை என்பது என் அபிப்பிராயம். "ஃபார்ட்டி விங்க்ஸ்" என்றால் நாற்பது தடவை கண் சிமிட்டுவது அல்லவாம், குட்டித் தூக்கமாம். ஏன் நாற்பது, ஏன் முப்பத்தெட்டு இல்லை என்று கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது. "கிளவுட் நைன்" என்றால் ஒன்பதாவது மேகம், அதாவது தலைகால் புரியாத சந்தோஷம். எட்டாவது மேகத்தில் இருப்பவனுக்கு என்ன குறைச்சல் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

நான் புள்ளியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அறுவடைக் காலத்தில் விளைச்சலை மதிப்பிடச் சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் போவேன். குறித்துக் கொடுத்த வயலில் நான்கு முளை அடித்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்ததை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, கிராம் சுத்தமாக எடை போட்டு எழுத வேண்டும். அந்த அறிக்கையில் 'ஏறக்குறைய' என்று ஒரு சொல் இருந்தால் அது திரும்பி வந்துவிடும். அப்படிப் பழகியவனுக்கு இந்த மேகக் கணக்கெல்லாம் அருவருப்பாகத்தான் இருக்கும்.

எனக்கு இவை தெரியவந்ததற்கு என் மனைவியின் தம்பிதான் காரணம். மஸ்கட்டில் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவன். கொண்டுவந்த ஆங்கிலத்தை எங்கே செலவழிப்பது என்று தெரியாமல் அலைந்துகொண்டிருந்தவனை, திருவையாறு சாலையில் உள்ள ஓர் ஆங்கிலப் பள்ளி தன் ஆங்கில மன்ற விழாவில் பேசக் கூப்பிட்டது. எண் வழக்குகளும் அவற்றின் பொருளும் என்று தலைப்பை அவனே வைத்துக்கொண்டான். மொத்தம் இருபத்தொன்று சேர்த்திருந்தான். "நீங்கதான் கணக்குல புலி அத்தான். சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்று போன தை மாதம் தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான்.

வேறு சமயமாக இருந்தால் முதல் நாளே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போயிருப்பேன். அப்போது முடியவில்லை. குடமுருட்டி ஆற்றுக்குத் தெற்கே எனக்கு ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், சம்பா முற்றி அறுப்புக்கு நின்றது. பொங்கலுக்கு முன்னால் பெய்த மழையில் தெற்கோரம் இரண்டு மா சாய்ந்து படுத்துவிட்டது. வயலில் ஈரம் காயவில்லை. சக்கர மெஷின் இறங்காது, பெல்ட் மெஷின்தான் வரவேண்டும். இன்னொரு மழை பெய்தால் சாய்ந்த கதிரெல்லாம் தண்ணீரில் ஊறி முளைத்துவிடும். அறுப்பு மெஷின்கள் வெளியூரிலிருந்து வருபவை. அவற்றை வயல் வயலாக அனுப்புகிற ஏஜென்ட் அய்யம்பேட்டைக்காரர். மஸ்கட்டில் என் மைத்துனன் அலுவலகத்தில் வண்டி ஓட்டியவர். இன்றைக்கும் அவனை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். அவன் சொன்னால் தட்டமாட்டார். நான் கூப்பிட்டால் போனை எடுக்கவேமாட்டார். ஆகவே உட்கார்ந்து கேட்டேன்.

"அட் சிக்ஸஸ் அண்ட் செவன்ஸ்" என்று படித்தான். "எல்லாம் ஒரே குழப்பமாக் கெடக்குன்னு அர்த்தம்."

"ஆறுக்கு அப்புறம் ஏழு. இதுல குழப்பம் எங்க வந்துச்சு?"

"இடியம் அத்தான். அப்படியே எடுத்துக்கணும்."

"ஆறுக்கு அப்புறம் மூணு வந்தா எடுத்துக்கறேன்."

அவன் விட்டுக்கொடுக்கவில்லை. "நம்ம மட்டும் ஒழுங்கா? நாலு பேர் என்ன சொல்வாங்கங்கறோம். அந்த நாலு பேர் யாருன்னு நீங்க எண்ணிப் பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன். நம்ம தெருவுல அஞ்சு பேர். அஞ்சாவது நீ."

உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த என் மனைவி, "காரியம் ஆகவேண்டிய நேரத்துல அவனை எதுக்குங்க வம்புக்கு இழுக்கறீங்க" என்றாள்.

இன்னொரு நாள் பெரிய அஸ்திரமாக ஒன்றைக் கொண்டுவந்தான். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒண்ணு' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லித்தானே ஆரம்பிக்கிறோம், அது மட்டும் கணக்கா என்று கேட்டான். கணக்குதான். லாபத்துக்கு அடுத்தது ரெண்டு. வாயில் வந்த பெயர்தான் வேறு, சாக்கில் விழுந்த மரக்கால் ஒன்று ஒன்றாகவே இருக்கிறது. அவனுடைய வழக்குகளில் எண்ணின் பெயர் இருக்கிறது, எண் இல்லை. இதை அவனுக்கு விளக்கினேன். "நோட் பண்ணிக்கறேன்" என்றான். பேனாவை எடுக்கவில்லை.

அவை பொழுதுபோக்கோடு நின்றிருந்தால்கூடச் சகித்திருப்பேன். மெஷினைப் பற்றிக் கேட்டாலும் அதே பாஷையில்தான் பதில் சொன்னான். "நைன் டைம்ஸ் அவுட் ஆஃப் டென் நாளைக்கு வந்துடும் அத்தான்." பத்தில் ஒன்பது தடவை, அநேகமாக என்று பொருள். இதற்கு முன் பத்துத் தடவை எங்கே வந்தது, அதில் ஒரு தடவை எங்கே தவறியது? மறுநாள் கேட்டால், "இலெவன்த் அவர்ல கரெக்டா வந்து நிக்கும் பாருங்க." பதினோராம் மணி, கடைசி நேரம் என்று பொருள். எங்களுக்கு முன்னால் இன்னும் எத்தனை ஏக்கர் நிற்கிறது என்று அந்த ஏஜென்டிடம் கேள் என்று தினமும் சொன்னேன். அந்த ஒரு எண்ணை மட்டும் அவன் கேட்டுச் சொல்லவே இல்லை.

டி.வி.யில் மழை என்று சொன்ன அன்று கிழக்கே மேகம் திரண்டு நின்றது. நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அவன் மிக்சரைக் கொறித்துக்கொண்டே, "இன்னிக்கு வந்தா என்ன, நாளைக்கு வந்தா என்ன அத்தான்? சிக்ஸ் ஆஃப் ஒன், ஹாஃப் எ டஜன் ஆஃப் தி அதர்" என்றான். ஆறும் அரை டஜனும் ஒன்றுதான், எதுவானாலும் வித்தியாசம் இல்லை என்று பொருள். கணக்காகப் பார்த்தால் இருபத்தொன்றில் பிழையில்லாதது அது ஒன்றுதான். ஆனால் மழைக்கு முந்தின நாளும் மழை நாளும் ஒன்று என்று சொல்ல ஒருவனுக்கு வயல் இல்லாமல் இருக்கவேண்டும்.

"இந்த இருபத்தொண்ணையும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால குழி தோண்டிப் பொதைச்சுடு மாப்ளே" என்றேன். "புள்ளைங்களாவது உருப்படும்."

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். அன்று மழை தூறலோடு நின்றுவிட்டது. அதன்பின் அவனும் வரவில்லை, மெஷினும் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு பெல்ட் மெஷின் லாரியில் ஏறி எங்கள் தெரு வழியாகவே அடுத்த ஊருக்குப் போனது. சாய்ந்திருந்த கதிரில் ஒரு கைப்பிடி பறித்து வந்து பார்த்தேன். அடியில் கிடந்த மணிகளில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. நூறு மணிக்கு ஏழு.

என் மனைவி அதைப் பார்த்தாள். "எந்தம்பி கால்ல போய் விழுங்கன்னு நான் சொல்லல. அந்த விழாவுக்குத் தலைமை தாங்க ஆள் கெடைக்கலையாம். நீங்க வந்து உக்காந்தா ஏஜென்டுக்கு இப்பவே போன் போடறேங்கறான்."

ஒப்புக்கொண்டேன். நெல்லுக்காக மனிதன் இதைவிடக் கேவலமான காரியங்களையும் செய்திருக்கிறான்.

விழாவன்று பள்ளி வாசலில் என் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். என்னைக் கணித மேதை என்று போட்டிருந்தது. பிள்ளைகளை டை கட்டி, தகரக் கொட்டகைக்குக் கீழே வரிசைக்கு இருபதாகப் பதினான்கு வரிசை உட்கார வைத்திருந்தார்கள். பிள்ளைகள் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தார்கள். தாளாளர் எங்கள் இருவருக்கும் சால்வை போர்த்தினார். இந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டு யாரும் தூங்கியதில்லை, யாருக்கும் குளிர் விட்டதும் இல்லை; விழாவுக்கு விழா கைமாறுவதுதான் அதற்கு வேலை.

மைத்துனன் கோட்டுப் போட்டு வந்திருந்தான். தன் போனை என் முன்னால் மேசையில் வைத்து, "டைம் பாத்துக்கங்க அத்தான்" என்றான். பார்த்தேன். ஒரு வழக்குக்கு நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டான். சொல், பொருள், பிறகு மஸ்கட்டில் நடந்த ஒரு கதை. கதைகளில் எல்லாம் அவன்தான் புத்திசாலி, மேனேஜர்தான் முட்டாள். "நைன்டீன் டு தி டஜன்" என்பதற்குப் பொருள் சொன்னான்: மற்றவன் பன்னிரண்டு வார்த்தை பேசுவதற்குள் பத்தொன்பது பேசுவது, ஓயாமல் பேசுவது. தன்னைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்கு உறைக்கவில்லை. பதிமூன்றாவதாக "பேக்கர்ஸ் டஜன்" வைத்திருந்தான். ஒரு டஜன் கேட்டால் பதிமூன்று கொடுக்கும் ரொட்டிக்கடைக்காரனின் டஜன். அதில் ஒன்று கூடுதலாகவாவது எண்ணப்பட்டிருக்கிறது. போகட்டும் என்று விட்டேன். கொட்டகைக்கு வெளியே வெயில் மங்கியிருந்தது.

அப்போது மேசைமேல் போன் அதிர்ந்தது. திரையில் ஏஜென்ட் பெயர். எடுத்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"சார், வண்டி உங்க அத்தான் வய கிட்ட வந்துருச்சு. வரப்பக் காட்ட ஆளக் காணோமே."

"நான் அத்தான்தான் பேசறேன்."

"நீங்களா? டிரைவர் நிக்கமாட்டேங்கறான் சார், மேகம் கட்டுது. அரை மணிக்குள்ள யாராவது வந்துருங்க. இல்லன்னா பக்கத்துல ஏழு ஏக்கர் காத்துக்கிட்டுக் கெடக்கு, அங்க எறக்கிடுவான்."

மனைவியை அனுப்ப முடியாது. முழங்கால் வலியோடு அவள் வரப்பில் நடக்கமாட்டாள். பாக்கி எட்டு வழக்குகள். நாலெட்டு முப்பத்திரண்டு நிமிடம். மொபெட்டில் வயலுக்குப் பதினைந்து நிமிடம். அதற்குமேல் என் தலைமையுரை, நன்றியுரை, நாட்டுப்பண். ஒரு துண்டுச்சீட்டில் 'மெஷின் வந்துவிட்டது, முடி' என்று எழுதி மைக்குக்கு நீட்டினேன். வாங்கிப் படித்தான். சபையைப் பார்த்துச் சிரித்தான். மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டான். "அடுத்து, ஃபார்ட்டி விங்க்ஸ். எங்க மேனேஜர் ஒருத்தர் இருந்தார்" என்று ஆரம்பித்தான்.

மேனேஜர் தூங்கப் போவதற்குள் நான் எழுந்து மைக்குக்கு முன்னால் நின்றேன். தலைவர் எழுந்தால் பேச்சாளர் நிறுத்தவேண்டும் என்பது ஒரு மரியாதை, அவனும் நிறுத்தினான்.

"ஃபார்ட்டி விங்க்ஸ், குட்டித் தூக்கம்" என்றேன். "டூ லெஃப்ட் ஃபீட், ஆடத் தெரியாதவன். ஃபிஃப்த் வீல், யாருக்கும் வேண்டாத ஆள். டென் எ பென்னி, மூலைக்கு மூலை கிடைப்பது. செகண்ட் டு நன், யாருக்கும் சளைக்காதது. பேக் டு ஸ்கொயர் ஒன், மறுபடியும் ஆரம்பத்திலிருந்து. புட் டூ அண்ட் டூ டுகெதர், கண்ணில் பட்டதை வைத்து ஊகிப்பது. ஒன் ஹார்ஸ் டவுன், ஒன்றும் நடக்காத ஊர். இருபத்தொன்றும் முடிந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். அவ்வளவு மனதாரக் கைதட்டி நான் கேட்டதில்லை. தாளாளர் என்னவோ சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். நான் மொபெட்டைக் கிளப்பிவிட்டேன்.

வயலருகே போனபோது டிரைவர் மெஷினைத் திருப்பிக்கொண்டிருந்தான். கையைக் காட்டி நிறுத்தி, வரப்பைக் காட்டினேன். நிமிர்ந்து நின்ற நான்கு மாவும் சீக்கிரம் முடிந்தது. சாய்ந்ததை எதிர்ப்பக்கமிருந்து மெதுவாகத்தான் எடுக்கமுடியும். அதில் இன்னும் முக்கால் மா இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. டிரைவர் மெஷினைக் கரையேற்றிவிட்டான். முக்கால் மா என்பது அந்த மெஷினுக்கு இருபது நிமிட வேலை. பேக்கர்ஸ் டஜனுக்கு முன்னால் வந்த ஐந்தை அவன் விட்டுத் தொலைத்திருந்தால் போதும்.

மெஷின் கொட்டிய நெல் சாலையோரம் தார்ப்பாயில் குவிந்திருந்தது. இன்னொரு தார்ப்பாயை மேலே இழுத்து மூட நான் ஒருவனாகத் திணறிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் இழுத்தால் காற்று மறுபக்கத்தைத் தூக்கியது. அப்போது மைத்துனன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். கோட்டோடு, சால்வையோடு. நேரே போய் எதிர் முனையைப் பிடித்தான்.

"எத்தனை பேருக்கு முன்னால" என்றான். "எட்டையும் ஒரு நிமிஷத்துல கொட்டிட்டீங்களே. ஆறு மாசம் தேடித் தேடிச் சேத்தது அத்தான்."

"நெல்லும் அஞ்சு மாசம். காத்து வருது, அந்தக் கல்லைத் தூக்கி ஓரத்துல வை."

வைத்தான். நான்கு மூலைக்கும் வைத்தான். சால்வை நனைந்து அதன் சிவப்புச் சாயம் கோட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அடுத்த வருஷம் மெஷினுக்கு நீங்களே பாத்துக்கங்க" என்றான்.

"பாத்துக்கறேன்."

விட்டுப்போன முக்கால் மா முழுவதும் முளைத்துப்போயிற்று. மாட்டுக்கு அறுத்துப் போட்டேன். மற்றது காய்ந்து கொள்முதல் நிலையத்துக்குப் போயிற்று. அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான். இந்தத் தையில் என் வயல் மறுபடி முற்றி நிற்கிறது. அய்யம்பேட்டைக்காரர் என் போனை எடுக்கவில்லை. வேறு இரண்டு ஏஜென்டுகளின் வீட்டு வாசலில் போய் நின்று வந்தேன். அந்தப் பள்ளி இந்த வருடமும் அவனைப் பேசக் கூப்பிட்டிருக்கிறது. இந்தத் தடவை நிறங்களைப் பற்றியாம்.