எல்லாம் ஏலும் என்ற சூசை அப்பு

என் தொழிலில் ஆள் எவ்வளவு மோசமாக இருக்கிறாரோ, ஃபைல் அவ்வளவு நன்றாக இருக்கும். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு போட்டோக்கொப்பிக் கடையின் பின்பக்கத்தில் எனக்கு ஒரு மேசை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் தாய் தகப்பனைத் தங்களோடு வைத்திருக்கக் கூப்பிடும்போது, படிவம் நிரப்புவதும் தமிழ்க் கடிதங்களை இங்கிலிஷில் மாற்றிக் கையெழுத்து வைப்பதும் என் வேலை. உங்களில் பாதிப்பேர் இந்த மேசைக்கு முன்னால் இருந்து பெருமூச்சு விட்டவர்கள். மீதிப்பேர் வரப்போகிறவர்கள். அதனால் சூசை அப்புவின் கதையை உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

அப்பு குருநகர்க்காரர், எண்பத்திரண்டு வயது. கடல் தொழில் செய்த ஆள். மனைவி போன வருடம் காலமானார். ஒரே மகள் ஜெனிற்றா லண்டனில். மனைவி போனபிறகு அப்பு இரண்டு தரம் கிணற்றடியில் விழுந்துவிட்டார். அந்த நாட்டுச் சட்டம் கேட்பது இரண்டே இரண்டு: ஆளுக்குத் தன் வேலையைத் தானே செய்ய ஏலாமல் இருக்க வேண்டும், ஊரில் பார்க்க ஒருவரும் இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டு ராணிதான் இரண்டு நேரமும் சாப்பாடு கொடுத்து வந்தாள். அவளும் சொந்தமில்லை, பிரான்ஸில் இருக்கும் புருஷன் கூப்பிடும் வரைக்கும்தான் ஊரில் இருப்பாள். உள்ளதை உள்ளபடி எழுதினாலே போதும் என்று நினைத்தேன். இவ்வளவு காலம் இந்தத் தொழிலில் இருந்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

படிவம்

தானாகக் குளிக்க ஏலுமா? ஏலும். சமைக்க ஏலுமா? ஏலும். சேட்டுப் பொத்தான் பூட்ட ஏலுமா? அதற்கும் ஏலும். அவர் மேசையில் வைத்திருந்த கை நடுங்கின நடுக்கத்தில் என் பேனை உருண்டது. பொத்தான் பூட்டிவிடுவது ராணி என்று ஜெனிற்றா முதல்நாளே போனில் அழுதழுது சொல்லியிருந்தாள்.

அப்பு, இதிலே ஏலாது என்று சொன்னால்தான் மகளிடம் போகலாம் என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினேன். நன்றாகக் கேட்டுத் தலையாட்டினார். கக்கூசுக்குத் தானாகப் போக ஏலுமா என்ற கேள்வி வந்ததும் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"பிள்ளை, உதெல்லாம் ஏலும் எண்டு போடும். ஒரு ஆம்பிளையைப் பாத்துக் கேக்கிற கேள்வியே உது?"

வெள்ளை வேட்டி

வைத்தியச் சான்றிதழுக்கு டொக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கிற மாதிரியே வாருங்கள் என்று மூன்று தரம் சொல்லி அனுப்பினேன். மனுஷன் முகம் வழித்து, பூசைக்குப் போகும் வெள்ளை வேட்டியும் சேட்டும் உடுத்து, நான் காத்து நின்ற டொக்டர் வாசலில் மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்கினார். ஊன்றி நடக்கும் பொல்லைக் காணவில்லை. ஓட்டோவிலேயே வைத்துவிட்டாராம்.

வாசலில் இருந்து டொக்டரின் கதிரை வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார். டொக்டர் பாவம், கண்ணால் கண்டதை எழுதினார்: சுத்தமாக உடுத்தியிருக்கிறார், உதவியில்லாமல் நடக்கிறார். திரும்பி ஓட்டோவுக்கு வந்ததும் முழங்கால் இரண்டும் விட்டுப்போய், நானும் ஓட்டோக்காரரும் சேர்ந்துதான் தூக்கி ஏற்றினோம். எனக்குக் கோபம் தாங்க முடியவில்லை. ஏன் அப்பு இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"பெரிய டொக்டருக்கு முன்னாலை பொல்லோடை போறதே, பிள்ளை? மரியாதை எண்டு ஒண்டு இருக்கெல்லே."

படம்

அப்பு தனியே சீவிக்கிறார் என்று காட்ட வீட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். போனோடு நான் போன நேரம் ஒழுங்கைச் சனமெல்லாம் திரண்டு வந்துவிட்டது. முற்றம் கூட்டியிருந்தது, கதவுக்குப் புதுச் சீலை போட்டிருந்தது. அப்புவைக் கதிரையில் இருத்திச் சுற்றிவர ஒன்பது பேர் நின்றார்கள். ராணி கையில் சோற்றுக் கோப்பை, மேலே பெரிய மீன் பொரியல்.

எல்லாரும் தள்ளி நில்லுங்கோ, அவர் மட்டும்தான் வேண்டும் என்றேன். ஒருவரும் அசையவில்லை. பார்க்க ஆளில்லை என்று காட்டத்தான் இந்தப் படம் என்று ராணியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். அவள் முகம் சுருங்கிப் போயிற்று.

"அப்பு தனிய இருக்கிற படத்தைப் பாத்தால் லண்டன்காரர் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம், மிஸ்?"

பாதரின் கடிதம்

படம் அந்த ஒன்பது பேரோடும்தான் ஃபைலில் ஏறிற்று. கடைசி நம்பிக்கை பங்குத் தந்தையின் கடிதம். இவரைப் பார்க்க ஒருவரும் இல்லை என்று ஒரு வரி போதும் என்று கேட்டிருந்தேன். ஒரு பக்கம் முழுக்க எழுதித் தந்தார். சூசை அப்பு பங்குமக்கள் எல்லாருடைய அன்புக்கும் உரியவர், அயலவர் சொந்தத் தகப்பனைப் போலப் பராமரிக்கிறார்கள், ஆண்டவர் அருளால் ஒரு குறையும் இல்லை. வாசித்ததும் ஓடிப்போய் மாற்றித் தரும்படி கெஞ்சினேன். நல்ல மனுஷர், அவருக்கும் சங்கடம்தான்.

"ஆருமில்லை எண்டு நான் எழுதிக் குடுத்தால், ஞாயிற்றுக்கிழமை அந்தச் சனத்துக்கு முன்னாலை நிண்டு நான் என்ன பிரசங்கம் வைக்கிறது, பிள்ளை?"

அந்தக் கடிதத்தை ஃபைலில் வைக்காமலே விட்டிருக்கலாம். பாதர் தந்ததை மறைப்பது பாவம் என்று அப்பு பிடிவாதமாக நின்றார், சேர்த்தேன். அவர் போனபிறகு கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. இதை நினைத்து நித்திரை கெட்ட நாட்கள் உண்டு.

இன்னொரு ஃபைல்

அப்புவின் ஃபைல் போய் ஒரு மாதத்தில் ராணி இரண்டு பிள்ளைகளோடும் வந்து என் மேசைக்கு முன்னால் இருந்தாள். புருஷன் பிரான்ஸுக்குக் கூப்பிட்டுவிட்டான். அவளுடைய படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். ஒரு பிழையும் இல்லாத ஃபைல். கேட்ட கேள்விக்கெல்லாம் கேட்டபடி பதில். லண்டன் பதில் வருவதற்கு முன்பே அவளுக்கு விசா வந்தது. பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு போகும்போது வாசலில் நின்று அழுதாள்.

"நான் போறதை அப்புவுக்கு இப்ப சொல்லாதேங்கோ, மிஸ். லண்டன் கடிதம் வந்தாப் பிறகு சந்தோசத்தோடை சந்தோசமாச் சொல்லுவம்."

பதில்

ராணி போய் மூன்றாம் வாரம் பதில் வந்தது. அப்பு பொல்லை ஊன்றிக்கொண்டு தனியே வந்தார். மெலிந்திருந்தார். சேட்டில் பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது, மற்றவை திறந்து கிடந்தன. நான் வாசித்துத் தமிழில் சொன்னேன்: விண்ணப்பதாரர் உதவியின்றி நடக்கக்கூடியவர், அயலவர் ஒருவர் தினமும் உணவு கொடுத்துப் பராமரிப்பதைப் படமும் குருவானவரின் கடிதமும் காட்டுகின்றன, ஆகவே அனுமதி மறுக்கப்படுகிறது.

மேன்முறையீடு செய்யலாம், ஜெனிற்றா செய்வாள் என்றேன். அதற்கு அவருக்குக் காலம் இருக்குமோ தெரியாது. அதை நான் சொல்லவில்லை. அப்பு சேட்டின் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"உந்தப் பொத்தானை ஒருக்காப் பூட்டிவிடும், பிள்ளை. எனக்கு ஏலாது."

பூட்டிவிட்டேன். என் தொழிலில் சரியான பதில் எப்படியும் வந்து சேரும். என்ன, ஃபைலை மூடினபிறகு வரும்.